எக்கினேசியா: முதல் வருஷம் வெறும் இலைதான்

எக்கினேசியா என்கிற ஊதாக் கூம்புப்பூ வளர்த்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். இது எனக்கு நாலாவது வருஷம். முதல் முயற்சி ஒன்றுமே தேறவில்லை.

மற்றப் பூவிதைகளைப் போடுவதுபோல நன்றாகக் குழி எடுத்து, 30 விதை போட்டு மூடினேன். இரண்டே இரண்டு தலைகாட்டின. அவையும் ஒரு வாரத்தில் சுருண்டுவிட்டன. அப்புறம்தான் காரணம் புரிந்தது. இதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் புல்வெளிகளும் திறந்த காட்டோரங்களும். அங்கே உதிர்கிற விதை குளிர்காலம் முழுக்க ஈர மண்ணில் கிடந்து, வெயில் திரும்பிய பிறகுதான் முளைக்கும். அந்தக் குளிர் கிடைக்காத விதைகளில் நிறைய தூங்கியே போய்விடும்.

அடுத்த முறை விதையை ஈர மணலில் பிசறி, டப்பாவில் போட்டு, 6 வாரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். எடுத்து மண்மேல் தூவி, மறையும் மறையாததுமாக மூடினேன். 12ஆம் நாள் பச்சை தெரிந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

ஆனால் அந்த வருஷம் முழுக்க இலை மட்டும்தான். தரையோடு படர்ந்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். "இது ஏதோ களைச்செடி, பிடுங்கிப் போடும்மா" என்று பக்கத்து வீட்டு அக்கா இரண்டு முறை சொன்னார். விட்டுவைத்தேன். விதையிலிருந்து வருகிற செடி பெரும்பாலும் முதல் வருஷத்தை வேருக்கே செலவழிக்கும். பூ இரண்டாம் வருஷம்தான்.

அந்தப் பூ விரிவதைக் கிட்ட உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் தட்டையான ஒரு பச்சை வட்டம். ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு வெளிர்பச்சை இதழ்கள். அவை நீண்டு ஊதா ஏறும்போது நடுவில் கூம்பு எழும்பும், இதழ்கள் மெல்லக் கீழே சாயும். கூம்பின் முட்களுக்கு ஆரஞ்சு நிற நுனி, விரலில் குத்தும். எக்கினேசியா என்ற பெயரே முள்ளெலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்த முட்களுக்கு இடையில் இருக்கும் நூற்றுக்கணக்கான குறுமலர்கள் ஒரே நாளில் திறப்பதில்லை. வெளி வரிசை முதலில், பிறகு அதற்கு உள் வரிசை. மகரந்தம் ஒரு மஞ்சள் வளையம்போல நாளுக்கு நாள் உச்சியை நோக்கி நகரும். தேனீயும் அந்த வளையத்திலேயே சுற்றி வரும்.

போன வருஷம் ஒரு செடியில் பூ பச்சையாகவே வந்தது. கூம்பிலிருந்து குட்டி இலைக்கொத்துகள் கிளம்பின. சத்துக் குறைவு என்று நினைத்து உரம் வைத்து மூன்று வாரத்தை வீணாக்கினேன். அது ஆஸ்டர் யெல்லோஸ் நோய். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருவது, சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். மருந்து கிடையாது. பூவை மட்டும் வெட்டினாலும் பயனில்லை, நோய் செடி முழுக்க ஓடுகிறது. வேரோடு பிடுங்கினேன். இன்னமும் மனசு ஆறவில்லை. உங்கள் செடியில் அப்படித் தெரிந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

*

அக்கா, உங்கள் பதிவோடு நானும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இதழெல்லாம் நல்ல ஊதாவாக இருந்து, கூம்பின் உச்சியில் மட்டும் சின்னக் குஞ்சம்போலக் கிளம்பினால், அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனின் வேலையாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித்தான் வந்தது. அந்தப் பூக்களை வெட்டி அப்புறப்படுத்தினேன், செடி பிழைத்தது.

நான் செடியை இழந்தது தண்ணீரால். என் தோட்டம் களிமண். இலை வாடுகிறதே என்று தினமும் ஊற்றினேன். ஒரு நாள் தண்டைப் பிடித்ததும் கையோடு வந்துவிட்டது. தூர் கறுத்து, அழுகிய வாடை. இப்போது மண்ணை மேடாக்கி, மணலும் மக்கிய உரமும் கலந்து, ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்தில் வைத்திருக்கிறேன். வேர் பிடித்த செடி வறட்சியைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. உரமும் அதிகம் வேண்டாம், தண்டு நீண்டு சாய்ந்துவிடும்.

*

நான் செடி வாங்கும்போது அடுக்குப்பூ வகையாகப் பார்த்து வாங்கினேன். அழகுதான், ஆனால் தேனீ வந்து சுற்றிவிட்டுப் போய்விடுகிறது. நடுவிலிருக்கும் குறுமலர்கள் இதழ்களாக மாறிவிட்டதால் அதற்குக் கிடைப்பது குறைவு. பக்கத்தில் சாதாரண வகை ஒன்றும் வைத்த பிறகுதான் கூட்டம் வந்தது. காய்ந்த கூம்புகளையும் இப்போது வெட்டுவதில்லை. குருவிகள் தண்டிலேயே தொங்கிக்கொண்டு விதை கொத்துகின்றன.

*

சிலந்திப்பேன் விஷயம் எனக்குத் தெரியாது தம்பி, நல்ல வேளை சொன்னீர்கள். நானும் போன பருவத்தில் கூம்புகளை வெட்டாமல் விட்டேன். இன்று காலை, நோய் வந்த செடியை நான் பிடுங்கிய இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு நாற்று நின்றது. களையோ என்று குனிந்து தொட்டுப் பார்த்தேன். அதே சொரசொரப்பு.