சிங்கமீன் வாங்கலாமா? வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறாள்

கொக்குவில் தொட்டி:

வணக்கம். என்னிடம் மூன்றடி உப்புநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, 180 லீற்றர். ஒன்றரை வருடமாக ஓடுகிறது. இரண்டு க்ளவுன் மீன், ஒரு நீல டாம்செல், கொஞ்சம் கடற்பாறை. வழக்கமாக மீன் தருகிறவர் போன கிழமை ஒரு குட்டிச் சிங்கமீனைக் காட்டினார். விரல் நீளம்தான் இருக்கும். செட்டைகளை விரித்துக்கொண்டு மூலையில் அசையாமல் நின்றது. அந்த வடிவு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. “குத்தினால் குளவி கொட்டின மாதிரித்தான், பயப்படத் தேவையில்லை” என்றார். மனைவி சம்மதிக்கவில்லை. மகளுக்கு நாலு வயது. தொட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு ஏறி நின்றுதான் மீன்களுக்குச் சாப்பாடு போடுவாள். உண்மையில் எவ்வளவு ஆபத்து? வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

திருநெல்வேலி உப்புநீர்:

தம்பி, நான் ஆறு வருடமாகச் சிங்கமீன் வைத்திருக்கிறேன். ஒருமுறை குத்தும் வாங்கியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விசிறி மாதிரி விரிகிற அந்தப் பக்கச் செட்டைகளில் நஞ்சு இல்லை. முதுகில் நிற்கும் 13 முள், வயிற்றடியில் இரண்டு, வாலுக்கு முன்னால் கீழ்ப்பக்கம் மூன்று, இவற்றில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முள்ளையும் மெல்லிய தோல் உறை ஒன்று மூடியிருக்கும். முள்ளின் நீளத்துக்குப் பள்ளம் ஓடும், நஞ்சு அந்தப் பள்ளத்துக்குள். பாம்பு மாதிரி இது நஞ்சைப் பாய்ச்சுவதில்லை. முள் ஏறும்போது உறை பின்னுக்குத் தள்ளுப்பட, நஞ்சு காயத்துக்குள் போய்விடுகிறது. செத்த மீனின் முள்ளும் அப்படித்தான், கவனம்.

எனக்குக் குத்தியது ஒரு பின்னேரம். கறண்ட் நின்று தொட்டி இருட்டாக இருந்தது. சும்மா இருக்கிற நேரத்தில் கண்ணாடிப் பாசியைச் சுரண்டுவோம் என்று கையை விட்டேன். மீன் பாறைக்குப் பின்னால் நிற்கிறது என்று நினைத்தேன். அதுவோ சாப்பாடு தருகிற கை என்று கிட்ட வந்து நின்றிருக்கிறது. நடுவிரலில் ஒரே ஒரு முள். முதல் நிமிடம் ஊசி ஏறினது போலத்தான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் நோ முழங்கை வரை ஏறி, நெற்றி வியர்த்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளவியோடு ஒப்பிடுகிற கதை சரியில்லை. அம்மாதான் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, வாளியில் பச்சைத் தண்ணீரோடு கலந்து தந்தார். கையை வைத்துக் கொஞ்ச நேரத்தில் நோ இறங்கத் தொடங்கியது. வெளியே எடுத்ததும் திரும்ப ஏறியது. ஒன்றரை மணித்தியாலம் அந்த வாளியோடு இருந்தேன். விரல் வடிவாக மடங்க இரண்டு கிழமை எடுத்தது.

இந்த நஞ்சில் இருப்பது புரதம், சூடு பட்டால் சிதையும். தண்ணீர் 40 முதல் 45 பாகை வரை இருக்கவேண்டும், 45ஐத் தாண்டக்கூடாது. 30 முதல் 90 நிமிடம் வரை வைத்திருக்கலாம். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, தோல் வெந்துபோகும். தெர்மோமீற்றர் இருந்தால் இன்னும் நல்லது. என் தொட்டிக்குக் கீழே இப்போது ஒரு வாளியும் தெர்மோமீற்றரும் எப்போதும் இருக்கும். நீண்ட இடுக்கி, முழங்கை வரை வரும் தடித்த கையுறை இரண்டும் உண்டு. கையுறையை முழுதாக நம்பவேண்டாம், முள் துளைக்கும். மீனை இடம் மாற்ற வலை வேண்டாம், முள் சிக்கும். பிளாஸ்டிக் பெட்டியால் தண்ணீரோடு அள்ளுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 180 லீற்றர் காணாது. இந்து சமுத்திரத்துச் சிங்கமீன் ஓரடிக்கு மேல் வளரும், அதற்கு 450 லீற்றராவது வேண்டும். உங்கள் க்ளவுன்களையும் டாம்செல்லையும் அது வளர வளர விழுங்கிவிடும். வாய்க்குள் அடங்குகிற எதையும் விடாது. குட்டைச் சிங்கமீன் இனங்கள் அரையடி அளவோடு நின்றுவிடும், உங்கள் தொட்டி அவற்றுக்குப் போதும். நஞ்சு அவற்றுக்கும் உண்டு, சின்ன மீன்களையும் தின்னும்.

ஆனால் அந்தக் கதிரையைப் பற்றி வாசித்ததும் எனக்கு மனம் கேட்கவில்லை. பிள்ளை மேலே நின்று கையை விடக்கூடிய தொட்டியில் இது வேண்டாம். பூட்டுப் போட்ட மூடி செய்து, கதிரைக்கு எட்டாத உயரத்தில் தொட்டியை வைத்த பிறகு யோசியுங்கள்.

குருநகர்க் கடலோடி:

எங்கட ஆட்களுக்குச் சிங்கமீன் புதிதில்லை, வலையில் வரும். அதைவிட ஓரா மீன் குத்துகிறதுதான் அடிக்கடி நடக்கும். சந்தையில் ஓரா வெட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கோ, முள்ளில் நஞ்சு இருக்கென்று சொல்லுவினம். அப்பாவுக்குத் திருக்கை அடித்தபோதும் சுடுதண்ணீர்தான். ஐஸ் வைக்கவேண்டாம்.

இன்னொன்று. மாரியில் களப்புத் தண்ணீரை எடுத்துத் தொட்டிக்கு ஊற்றாதேங்கோ, மழை விழுந்து உப்புக் குறைஞ்சு போயிருக்கும்.

திருநெல்வேலி உப்புநீர்:

அண்ணை சொன்னது சரி. நான் உப்பு வாங்கி ஆர்ஓ தண்ணீரில்தான் கரைக்கிறேன். வலிகாமத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று கூட. இறைச்சி தின்கிற மீன் போடுகிற கழிவோடு அதுவும் சேர்ந்தால் தொட்டி தாங்காது.

தாதி அக்கா:

சுடுதண்ணீர் முதலுதவி மட்டும்தான் தம்பி. மூச்சு முட்டுதல், தலைச்சுற்று, உதடு அல்லது முகம் வீங்குதல், நெஞ்சு நோ, இவற்றில் ஒன்று வந்தாலும் வாளியோடு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கள். சிறுபிள்ளைக்குக் குத்தினால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம். காயத்துக்குள் முள் முறிந்து நிற்கலாம், ஏற்பு ஊசியும் பார்க்கவேண்டும். மறுநாள் சிவந்து வீங்கினால் திரும்ப வந்து காட்டுங்கள், கடல்தண்ணீர்க் காயம் கெதியாகப் பழுதாகும். இன்னொன்று, கல்மீனை யாராவது விற்க வந்தால் வாங்கவே வேண்டாம். அது இதைவிடப் பல மடங்கு கொடியது.

கொக்குவில் தொட்டி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மகளைக் கதிரையில் ஏற்றிவிட்டு ஒருதரம் பார்த்தேன். கை மணிக்கட்டுக்கு மேலே வரை தண்ணீருக்குள் போகிறது. மீன்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தச்சரிடம் மூடிக்கு அளவு கொடுத்திருக்கிறேன். குட்டை இனம் எடுத்தால் உறைந்த இறால் தின்னப் பழக்குவது எப்படி?

திருநெல்வேலி உப்புநீர்:

முதலில் உயிர் இறால், பிறகு செத்ததை இடுக்கியில் பிடித்து நீந்துவது போல ஆட்டிக் காட்டுங்கள். என்னுடையது பதினொரு நாள் திரும்பியும் பார்க்கவில்லை, பன்னிரண்டாம் நாள் வாயைத் திறந்து ஒரே இழுப்பு. பழகின பிறகு கிழமைக்கு மூன்று தரம் போதும். கையால் மட்டும் கொடுக்காதீர்கள்.