மறு: பிளட் தின்னருக்குத் தமிழ்: ‘குருதி மெலிப்பி’ சரியா?

> எல்லாரும் ‘பிளட் தின்னர்’ என்கிறார்கள். ‘குருதி மெலிப்பி’ என்றே வைத்துவிடலாமே?

ஐயா, வணக்கம். அந்த ஆங்கில வழக்கே பிழை. மாத்திரை போட்டால் குருதி நீர்த்துப்போவதில்லை. உறைய எடுக்கும் நேரம்தான் நீள்கிறது. அதே பிழையை நாமும் தமிழில் செய்வானேன்?

இந்த வகை மாத்திரையான வார்ஃபரினைப் பாருங்கள். (1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்து, 1954இல் மனிதருக்கும் ஆனது.) உறைவுக்கு வேண்டிய 2, 7, 9, 10ஆம் காரணிகள் என்னும் புரதங்களைக் கல்லீரல் செய்து முடிக்க வைட்டமின் கே தேவை. ஒருமுறை பயன்பட்ட வைட்டமினைப் புதுப்பிக்கும் நொதியை வார்ஃபரின் முடக்கிவிடுகிறது. குருதியில் ஏற்கெனவே ஓடும் காரணிகள் தீர்ந்தால்தான் பலன் தெரியும். அதற்குச் சில நாள் பிடிக்கும். ஹெப்பாரினோ, நம் உடம்பிலேயே உள்ள ஆன்டித்ராம்பின் புரதத்தை முடுக்கிவிடுவதால் உடனே வேலை செய்கிறது. கால் சிரையில் (இதயத்துக்குத் திரும்பும் குருதிக்குழாயில்) உறைவு, இதயத்தில் செயற்கை வால்வு, தாறுமாறான இதயத் துடிப்பு போன்றவற்றுக்கு இவற்றைத் தருவதுண்டு.

ஆனால் இரண்டுமே உண்டான உறைவைக் கரைப்பதில்லை. கரைப்பது ஸ்ட்ரெப்டோகைனேஸ் வகை மருந்து. ஆஸ்பிரின், குருதியில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பார்ப்பது. ‘மெலிப்பி’ என்றால் மூன்றும் ஒரே பையில் விழும்.

> ‘இரத்தக்கட்டு எதிர்ப்பி’?

அடிபட்டுக் கன்றி வீங்கினால் அதுதான் ஊரில் இரத்தக்கட்டு. வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அது அதிகமாகத்தான் செய்யும்! ‘எதிர்ப்பி’ என்றாலும், இருக்கிற கட்டியோடு மோதிக் கரைக்கும் என்றே நோயாளி நினைப்பார்.

என் பரிந்துரை ‘உறைவுத்தடுப்பி’. பாலுக்கு உறை ஊற்றும் வீட்டில் இதை விளக்க வேண்டாம். ‘உறைதடுப்பி’ இன்னும் சிறிதுதான். ஆனால் தலையணை உறை குறுக்கே வருகிறது. ‘மருந்து’ என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. இரத்த வங்கிப் பையில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் சிட்ரேட்டும், அட்டை கடிக்கும்போது விடும் ஹிருடினும் இதே பெயருக்குள் வர வேண்டுமே.

ஒரே உறுத்தல்: ஹெப்பாரினை ‘உறைவுத்தடுப்பு ஊசி’ என்று எழுதினால் தடுப்பூசி என்று படித்துவிடுவார்களோ?

——

மறு: மறு: பிளட் தின்னருக்குத் தமிழ்

‘உறைவுத்தடுப்பி ஊசி’ என்று ‘பி’யை விடாமல் எழுதுங்கள் தம்பி, போதும். ‘மெலிப்பி’யை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஸ்ட்ரெப்டோகைனேஸுக்கு ‘உறைவுகரைப்பி’ என்று இப்போதே குறித்துவைத்துவிடலாம். ஆஸ்பிரினுக்குத்தான் இனி மண்டையை உடைக்க வேண்டும்.