டாகர் பேங்க் நோய்: 'அரிப்பு' வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு,

வட கடல் மீனவருக்கு வரும் 'Dogger Bank itch' என்ற தோல்நோய்க்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். மொழிபெயர்ப்புப் பொறி தந்த 'டாகர் வங்கி அரிப்பு' என்ற தொடரைப் பார்த்து எல்லோரும் வங்கிக்காகச் சிரித்தோம்; இங்கே bank என்பது மணல்திட்டு. எனக்கு உறுத்தியது அரிப்புதான். மழைக்காலம் முழுவதும் இங்கே கோத்தகிரியில் காதில் விழும் சொல் மண்ணரிப்பு. 'டாகர் திட்டு அரிப்பு' என்றால், இங்கிலாந்துக்குக் கிழக்கே வட கடலில் கிடக்கும் அந்த மணல்திட்டை அலை கரைக்கிறது என்றே எங்கள் ஊர் மாணவன் படிப்பான்.

காஞ்சொறியைப் போல 'கடற்சொறி' எனலாம் என்றார் நம் குழுவின் ஐயா. சொறி என்றால் கடற்கரை மக்களுக்கு இழுதுமீன், அதாவது ஜெல்லிமீன். தவிரவும், சோலை ஓரம் விறகு பொறுக்கும் எவர் கையிலும் காஞ்சொறி பட்ட கணமே எரியும். இந்த நோய் அப்படி வருவதில்லை. மீனோடு வலையில் ஏறும் அல்சியோனிடியம் டயாபனம் என்ற கடலுயிரியை மீனவர் பலமுறை அள்ளி எறிகிறார், ஒன்றும் ஆவதில்லை. அதிலுள்ள, கந்தகம் கொண்ட அயனி ஒன்றை உடல் மெல்ல மெல்லப் பகையாக்கிக்கொள்கிறது. பிறகு ஈர வலை உரசினாலே போதும்: கையும் முன்கையும் சிவந்து, கொப்புளித்து, வெடிக்கும், முகத்திலும் ஏறும். தொழிலையே விட்டவர்கள் உண்டு. ஆனால் பக்கத்தில் நிற்பவருக்குத் தொற்றாது. சொறி என்றதும் நாம் விலகி உட்காருவோமே, அந்த நினைப்பும் இங்கே பொருந்தாது.

நம்மிடம் கரப்பான் இருக்கிறது. "கருவாடு தொடாதே, கரப்பான் பண்டம்" என்று பாட்டி ஒரு பேரனை மட்டும் தடுப்பாள். மற்றவன் தட்டை வழித்துத் தின்பான். பண்டம் ஒன்றுதான், ஏற்காத உடல்தான் வேறு. ஒவ்வாமை என்ற புதுச்சொல் சொல்ல வருவதும் இதைத்தானே? ஆகவே என் பரிந்துரை: டாகர் திட்டுக் கரப்பான்.

இந்த உயிரி சேர்ந்த Bryozoa தொகுதிக்குப் 'பாசி விலங்கு' என்பதை ஏற்கிறேன், அரைமனதாக. கிரேக்கப் பெயரின் பொருள் அதுதான். ஆனால் தேயிலைத் தண்டில் படர்வதும் பாசி, குளத்தில் மிதப்பதும் பாசி, கழுத்தில் கோப்பதும் பாசி. நோய் தரும் இந்த இனமோ பழுப்பான கூழ்க்கொம்பு. சுண்ணாம்பு ஓடு கிடையாது. ஒவ்வொரு கொம்பிலும் மில்லிமீட்டருக்கும் சிறிய உயிர்கள் ஆயிரக்கணக்கில், ஆளுக்கோர் அறையில் இருந்தபடி உணர்கொம்பு வளையத்தை விரித்து நீரை வடித்துத் தின்கின்றன. அந்தக் கூட்டத்துக்குத் 'திரள்' போதும். 'காலனி' என்றால் பஸ் நிறுத்தம் நினைவுக்கு வருகிறது.

கரப்பான் என்றால் பூச்சியல்லவா என்று யாரோ இப்போதே தட்டச்சு செய்துகொண்டிருப்பீர்கள். திட்டில் பூச்சி ஏறாது. 'திட்டுக்' என்பதில் 'க்' என்ற ஒற்றெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.