லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா: நோய் இதயம் வரை வந்தவர்கள் எழுதுங்கள்

காவேரிக்கரை:
அக்காவுக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய். மூட்டுவலி, முகச் சிவப்பு எல்லாம் பழகிப்போனது. ஒரு ராத்திரி, படுத்தால் நெஞ்சில் குத்துகிறது என்றாள். எழுந்து தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தால் குறைகிறது. அவசரப் பிரிவில் கேஸ், அதாவது வாயு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மூட்டுவாத டாக்டர் அவளைக் குனிய வைத்து ஸ்டெதஸ்கோப்பில் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். லப்-டப்புக்கு நடுவே புதுச் செருப்பு உரசுகிற மாதிரி ஒரு சத்தம்! எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் இதய உறையில் வீக்கம், கொஞ்சம் நீர். ஸ்டீராய்டில் அடங்கியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

இளவேனில்:
எனக்கு எந்த நோயும் இருப்பதாகவே தெரியாது. கண் கொஞ்சம் வறளும், அவ்வளவுதான். ஐந்தாம் மாத ஸ்கேனில் டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் கருவியை அழுத்திக்கொண்டிருந்தார். திரையில் பிள்ளையின் இதயத்துடிப்பு 58. வயிற்றுப் பிள்ளைக்கு நிமிஷத்துக்கு 110க்கு மேல் துடிக்க வேண்டும். அப்புறம்தான் என் ரத்தத்தில் ஆன்ட்டி-ரோ என்ற எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்று வந்தது. அது நஞ்சுக்கொடி வழியாகப் போய், இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்கும் இடத்தைக் கெடுத்துவிடுகிறது. முழுசாக அடைபட்டால் திரும்பச் சரியாகாது. மகளுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. ஸ்கூல் போகிறாள், நன்றாக ஓடுகிறாள்.

மலைக்கோட்டை:
காவேரிக்கரை, கேஸ் என்றதை விடுங்கள். லூபஸ் என்று சொன்ன பிறகும் ஈசிஜி எடுக்காமல் அனுப்பியதுதான் தப்பு.
என் அம்மாவுக்கு ஸ்க்ளீரோடெர்மா, தோல் இறுகிப்போகிற நோய். மாடிப்படி பாதியில் நின்று பையில் சாவி தேடுவார். மூச்சு வாங்குவதை எங்களிடம் மறைக்கத்தான் என்று பிறகு புரிந்தது. நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம், இதயத்தின் வலப்பக்கம் திணறுகிறது.
ஸ்க்ளீரோடெர்மா உள்ளவர்கள் மூச்சுத்திணறல் இல்லாவிட்டாலும் வருஷம் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள். லூபஸ்காரர்கள் பிபி, கொழுப்பு, சிகரெட் மூன்றிலும் கண்டிப்பாக இருங்கள். சின்ன வயதுப் பெண்களுக்கே மாரடைப்பு வருகிறது. லூபஸுக்குத் தருகிற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கண் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். இளவேனில், ஒரு பிள்ளைக்கு இப்படி வந்தால் அடுத்த பிள்ளைக்கும் வர 100க்கு 16 முதல் 18 வரை வாய்ப்பு. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அந்த மாத்திரையை ஆரம்பித்தால் அந்த வாய்ப்பு பாதியளவுக்கும் கீழே குறைகிறது என்று 2020இல் ஆய்வு வந்திருக்கிறது. 16ஆம் வாரத்திலிருந்து பிள்ளைக்கு எக்கோ கேளுங்கள்.

காவேரிக்கரை:
ஈசிஜி எடுத்தார்கள். நார்மல் என்றுதான் சொன்னார்கள்.

இளவேனில்:
அடுத்த பிள்ளையைப் பற்றி நான் கேட்கவே இல்லையே. உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார், மலைக்கோட்டை?