வெளிநாட்டுக் கோயிலில் உங்களுக்கு யார் இடம் கொடுத்தார்கள்?

நெல்லித்தோப்பு:
லியோனுக்கு வந்து முதல் ஞாயிறு. புதுச்சேரி சம்பா கோயில் பழக்கத்தில் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டேன். ஜனவரி மாதம், உள்ளே கல் தரை. எல்லாரும் ஷூவோடு நிற்கிறார்கள், நான் மட்டும் சாக்ஸோடு, திரும்பிப் போய் எடுக்கவும் வெட்கம். முதல் வாசகம் முடிவதற்குள் கால் விறைத்துவிட்டது. பக்கத்தில் நீலக் கையுறை போட்ட ஒரு பாட்டி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், முழந்தாளுக்கு வைத்திருந்த மெத்தையைக் காலாலேயே என் பக்கம் தள்ளினார். அதன் மேல் ஏறி நின்றேன். போகும்போது 'ஆ திமான்ஷ்' என்றார், அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்று. நாலு வாரம் அதே பெஞ்சு. ஐந்தாவது வாரம் காணோம், அப்புறமும் வரவில்லை. பேரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை நான்.

மஞ்சக்குப்பம்:
தமிழ்ப் பூசைக்குப் போக வேண்டியதுதானே என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். எந்த நாடு என்று கேட்க வேண்டாம். ஊர்ப் பாட்டு கேட்டுக் கண் கலங்கி வெளியே வந்தால், ஒரு அண்ணன் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார். எந்த ஊர்? கடலூர். கடலூரில் எங்கே? சொன்னேன். அங்கே எந்தத் தெரு? தெருவைச் சொன்னதும் 'ஓ' என்றார், வேறு யாருக்கோ கையசைத்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். தெரு எதற்கு என்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டீயில் ஆடை படிகிற வரை கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உப்பளம்:
ஒரு ஆளை வைத்து எல்லாரையும் சொல்லாதீர்கள் தம்பி. சிங்கப்பூர் ஓபிர் சாலை லூர்து மாதா கோயிலில் என்னை யாரும் தெரு கேட்கவில்லை. 1888-ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த கோயில், எனக்கு நம் புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூர் லூர்து மாதாதான் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான் என் கதை. புதிதாகப் போகிறவர்கள் கவனிக்க: பங்கு அலுவலகத்தில் பேரையும் முகவரியையும் பதிந்துவிடுங்கள், பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று போய் நிற்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். கல்யாணம் என்றால் ஞானஸ்நானச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், பழசைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அலையாதீர்கள். துபாய் போகிறவர்கள், 2022-ல் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, பழைய வெள்ளிக்கிழமை விடுமுறைக் கணக்கை நம்பிப் போகாமல் பூசை நேரம் பார்த்துப் போங்கள். முக்கியமாகப் பாடகர் குழுவில் சேருங்கள், ஒரே மாதத்தில் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார்கள்.

மஞ்சக்குப்பம்:
ஒரு ஆளா? கல்லறையில்கூட சாதிக்கொரு மூலை வைத்திருக்கிற ஊர்களிலிருந்துதானே அண்ணே கிளம்பிப் போனோம்.

நெல்லித்தோப்பு:
சண்டை வேண்டாம். பாடகர் குழுவெல்லாம் சரிவராது, நான் பாடினால் இருக்கிற நாலு பேரும் எழுந்து போய்விடுவார்கள். நேற்று பங்கு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். என் பிரெஞ்சுக்கு 'நீலக் கையுறை, பாட்டி' வரைதான் வந்தது. குளிர்காலத்தில் எல்லாப் பாட்டியும் கையுறைதான் என்று அந்த அம்மா சிரித்தார்.