ஸ்டிர்-ஃப்ரை, வொக், ஸ்கில்லட்: மூன்றுக்கும் சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்டிர்-ஃப்ரை என்பது நறுக்கிய காயைப் பெருந்தீயில் விரைவாகக் கிளறிச் சமைக்கும் சீன முறை; வொக், அதற்குப் பயன்படும் உருண்ட அடியுள்ள பாத்திரம்; ஸ்கில்லட், தட்டை அடியும் தாழ்ந்த விளிம்பும் உள்ள பாத்திரம். நம் சமையல் கலைச்சொற் பட்டியலில் ஸ்டிர்-ஃப்ரைக்கு ‘வதக்கல்’ போதும் என்றும், வொக், ஸ்கில்லட் இரண்டையும் ‘வாணலி’ என்றே எழுதிவிடலாம் என்றும் இங்கே முன்வைக்கப்பட்ட கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. வீட்டு அடுப்புக்கு இவற்றில் எது பொருந்தும் என்று தமிழில் விளக்க முற்படுகிறவருக்கு அச்சொற்கள் கைகொடுக்கமாட்டா.

வதங்குதல் என்றால் வாடுதல். வெங்காயத்தை வதக்கும்போது அது நீர்விட்டுத் துவள வேண்டும் என்றே எதிர்பார்க்கிறோம். சீனச் சமையல் முறையில் நடப்பது இதற்கு நேர்மாறு: காய் கடித்தால் நறுக்கென்றிருக்க, மேற்புறம் மட்டும் சூட்டில் சிவக்க வேண்டும்; கசியும் நீர் தேங்குவதற்குள் ஆவியாகிவிட வேண்டும். ஆங்கிலத்திலும் இதற்கெனத் தனிச்சொல் இல்லாதிருந்த காலத்தில், 1945இல் வெளிவந்த தம் சமையல் நூலில் சீன-அமெரிக்க எழுத்தாளர் புவெய் யாங் சாவ், பெருந்தீ, குறைந்த எண்ணெய், இடைவிடாத கிளறல், விரைவு ஆகியவற்றைச் சேர்த்து இம்முறையை வரையறுத்து, சுருக்கமாக ஸ்டிர்-ஃப்ரை என்று பெயரிட்டார். சுருக்கியபோது பெருந்தீ பெயரிலிருந்து நழுவிவிட்டது. தமிழில் அதை விட்டுவிடாமல் ‘அனற்புரட்டல்’ எனலாம் என்பது என் முன்மொழிவு. ‘கிளறல்’ என்றால் கரண்டியும் கேசரியும்தான் நினைவுக்கு வருகின்றன. புரட்டுதலோ கரண்டியால் திருப்புவதையும், பாத்திரத்தையே உந்தி உணவை மேலெழுப்பிப் பிடிப்பதையும் சேர்த்தே குறிக்கும். சமையல் குறிப்பில் ‘கேரட்டை அனலில் புரட்டவும்’ என்று பிரித்து எழுதினாலும் படிப்பவர் தடுமாறமாட்டார். ஒரு கலைச்சொல் நிலைப்பதற்கு இந்த எளிமை மிகவும் தேவை என்று கருதுகிறேன்.

பாத்திரப் பெயர்களில் நாம் அடியின் வடிவத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும், ஏனெனில் தேர்வே அதைப் பொறுத்தது. வீட்டு எரிவாயு அடுப்பின் பெரிய பர்னர் ஏறத்தாழ 3 கிலோவாட் வெப்பம் தருகிறது. சீன உணவகத்தின் அடுப்பு அதைப்போல் 10 மடங்கும் அதற்கு மேலும் தரக்கூடியது. அங்கே தீ, உருண்ட அடியைச் சுற்றிலும் தழுவி மேலேறுகிறது. அதே வொக்கை வீட்டு அடுப்பில் ஏற்றினால், ஒருபுறம் அது நிலையாக நிற்காமல் ஆடும்; மறுபுறம், உள்ளங்கையளவு அடி மட்டும் காய்ந்து, சரிவுகள் சூடு குறைந்தே இருக்கும். அரைக் கிலோ காயை ஒரேயடியாகக் கொட்டினால் நீர் ஊறி, எல்லாம் அவிந்துவிடும். ஸ்கில்லட்டின் அகன்ற தட்டை அடியில் நறுக்கிய துண்டுகள் ஒரே அடுக்காகப் பரவி உலோகத்தைத் தொட்டபடி இருப்பதால் நன்றாகச் சிவக்கின்றன. ஆனால் விளிம்பு தாழ்ந்திருப்பதால் வேகமாகப் புரட்டினால் பாதி அடுப்பில் சிந்திவிடும். ஆகவே அடி மட்டும் தட்டையான கார்பன் எஃகு வொக்கையே வீட்டுக்குப் பரிந்துரைப்பேன். எதில் செய்தாலும் காயைச் சிறுசிறு பங்காகப் போடுவது நல்லது.

தட்டையடி வொக் என்ற இந்த மூன்றாவது பாத்திரம் இருப்பதால்தான், ஸ்கில்லட்டுக்கு வேறு சிலர் முன்மொழிந்த ‘தட்டை வாணலி’யும் குழப்பம் தரும் என்கிறேன். ஸ்கில்லட்டை ‘தட்டைச்சட்டி’ என்றும், வொக்கை ‘சீன வாணலி’ என்றும், அடி தட்டையானதைத் ‘தட்டையடிச் சீன வாணலி’ என்றும் வைத்துக்கொள்ளலாம். ‘சீனச்சட்டி’ அழகான சொல்தான்; ஆனால் மலையாளத்தில் நம் வாணலியையே அப்படி அழைப்பதால், எல்லையோர வாசகர்கள் அதை வேறாகப் புரிந்துகொள்வர். ‘தாச்சி’ என்று சொல்லிப் பழகிய ஈழத்து நண்பர்கள், ‘சீனத் தாச்சி’ என்பதை இணைச்சொல்லாகச் சேர்ப்பது பற்றித் தம் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

புது இரும்பில் எண்ணெய் தடவிச் சூடேற்றி ஒட்டாத படலம் உண்டாக்கும் சீசனிங்கிற்கு நாம் எதையும் ஆக்க வேண்டியதில்லை. தோசைக்கல்லைப் ‘பழக்குவது’ என்று வீடுகளில் சொல்கிறார்களே, அதையே பட்டியலில் சேர்த்துவிடலாம்.