யூரோ 2024 தகுதிச் சுற்று: நார்வே எப்படி விடுபட்டது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டியான யூரோவின் தகுதிச் சுற்றை விளக்க வேண்டும். ஓரிடத்தில் உங்கள் உதவி தேவை.

பத்துப் பிரிவுகளில் முதல் இரண்டு இடம் பிடித்த 20 அணிகளும் போட்டியை நடத்திய ஜெர்மனியும் நேரடியாக நுழைந்தன. மிச்சம் மூன்று இடங்கள், பிளே-ஆஃப் எனும் கடைசி வாய்ப்பு ஆட்டங்கள் வழியாக. அதற்கான வாய்ப்போ, ஐரோப்பிய அணிகள் பலத்துக்கேற்ப ஏ, பி, சி, டி என அடுக்குகளாகப் பிரிந்து ஆடும் தனித் தொடரான நேஷன்ஸ் லீக் முடிவுகளைப் பொறுத்தது. தகுதிச் சுற்றில் ஸ்பெயின் இருந்த பிரிவில் நார்வே 11 புள்ளிகளுடன் மூன்றாவது, ஜார்ஜியா 8 புள்ளிகளுடன் நான்காவது. ஆனால் நேஷன்ஸ் லீகின் சி அடுக்கில் தன் பிரிவை வென்றிருந்த ஜார்ஜியாவுக்கே பிளே-ஆஃப் கிடைத்தது. திபிலிசியில் கிரீஸைப் பெனால்டியில் 4-2 என வீழ்த்தி முதல்முறையாக யூரோவுக்குப் போனார்கள். அந்த இரவை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது!

என் கேள்வி பி அடுக்கைப் பற்றியது. அங்கே ஒரு பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த ஐஸ்லாந்துக்கு வாய்ப்பு கிடைத்தது. வேறொரு பிரிவில் அதே இடம் பிடித்த நார்வேக்கு இல்லை. ரஷ்யா நீக்கப்பட்டதால் ஐஸ்லாந்தின் பிரிவில் மூன்றே அணிகள். ஆகவே மற்றப் பிரிவுகளில் கடைசி அணியுடன் ஆடிய ஆட்டங்களைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட்டார்களா? அந்தக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்ட முடிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். நார்வே வீரர் எர்லிங் ஹாலந்தின் ரசிகர்களான இந்தப் பிள்ளைகள் விடுவதாக இல்லை.